நோர்வேயில் ஒரு சிறு பப்டிஸ்ட் சபை: தமிழருக்குத் தனி ஆராதனை தேவையா?

வடகடல் எழுதியது:

மூன்று மாத விடுமுறையில் நல்லூரில் மனைவியின் தாய்வீட்டில் தங்கியிருக்கிறேன். பங்குனிக் கடைசியில் கையில் வந்த ஒரு கடிதத்துக்கு நான் திரும்பிப் போவதற்கு முன் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால், இங்குள்ள திருச்சபை அன்பர்களின் கருத்தைக் கேட்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் மானிப்பாயில் பிறந்து, தென்னிந்தியத் திருச்சபையில் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, 26 வயதில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவன். ஒன்பது ஆண்டுகளாக வட நோர்வேயின் ஒரு துறைமுகப் பட்டினத்திலுள்ள, விசுவாசித்து முழுகியவர்களையே உறுப்பினராக ஏற்கும் பப்டிஸ்ட் சபைக்குப் போதகராக இருக்கிறேன். உறுப்பினர் 43 பேர். அவர்களுள் நோர்வேஜியர் 14, பர்மாவிலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்ட சின் இனத்தவர் 12, தமிழர் 9, கொங்கோ நாட்டவர் 5, எரித்திரியக் குடும்பம் ஒன்றில் மூவர். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளையும் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுபது கதிரைகள் நிறையும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே 17 பேர் இருந்தார்கள். பெரும்பாலானோர் அறுபதைக் கடந்தவர்கள். சபை என் பிரசங்கத்தால் வளர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது வளர்ந்ததற்கு மீன் பதனிடும் ஆலையும் முதியோர் இல்லமுமே முதற் காரணம். அங்கே ஒருவருக்கு வேலை கிடைத்தால் ஆறு மாதத்துக்குள் அவருடைய மைத்துனர் வருவார், பின்னர் மைத்துனரின் நண்பர் வருவார், அந்த நண்பரின் மனைவி ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்பார். பேருந்து நிலையத்தில் இறங்குபவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், வீட்டு வாடகை ஒப்பந்தத்தை வாசித்து விளக்குவதுதான் எங்கள் நற்செய்திப் பணியின் முதற் பாதி.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தங்களுக்கெனத் தனித் தமிழ் ஆராதனை வேண்டும் என்று தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் கையொப்பமிட்டுத் தந்திருக்கின்றன. வயதான இரண்டு தாய்மாருக்கு நோர்வேஜிய மொழி விளங்குவதில்லை, கீர்த்தனை பாட வாய்ப்பில்லை, பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்பன அவர்கள் சொல்லும் காரணங்கள், மூன்றும் உண்மை.

ஆனால் கடிதத்தில் எழுதப்படாத காரணம் ஒன்றும் உண்டு. எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் அனைவரும் இருந்து கோப்பி குடிப்பது வழக்கம். நோர்வேஜியர் வஃபிளும் பழுப்பு நிறப் பாற்கட்டியும் வைப்பார்கள், நம்மவர் ஒரு பெரிய பிஸ்கற் தகரம் நிறைய ரோல்ஸ் கொண்டுவருவார்கள், சின் மக்கள் வாழையிலை கிடைக்காத ஊரில் அலுமினியத் தாளில் பொதிந்த ஒட்டரிசிச் சோறு கொண்டுவருவார்கள். கடந்த மார்கழியில் ஒருநாள் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. "இங்கே மீன் பொரிக்க வேண்டாம்" என்று நோர்வேஜிய மொழியில் மட்டும் எழுதியிருந்தது. மீனை நம்பி வாழும் ஊரில், மீன் ஆலையில் நின்று கை விறைத்தவர்களுக்கு! ஒட்டியவர் நல்ல மனிதர், காற்றோட்டக் குழாய் பழுது என்பதுதான் அவருக்கிருந்த பிரச்சினை. தாளை நான் அன்றே கழற்றிவிட்டேன். கழற்றியபோது ஒரு தமிழ் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கழலவில்லை.

தனி ஆராதனைக்குச் சம்மதித்தால் காலை ஆராதனையிலிருந்து தமிழர் மெதுவாக நின்றுவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். மறுத்தால் சபையிலிருந்தே நின்றுவிடுவார்களோ என்றும் அஞ்சுகிறேன். உங்கள் எண்ணம் என்ன?

உடுவில் பழைய ஆசிரியை எழுதியது:

போதகர் ஐயாவுக்கு வணக்கம். நான் பப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவள் அல்ல, ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. ஆகையால் சரித்திரத்தின் பக்கமிருந்து சில சொல்லுகிறேன்.

1812ஆம் ஆண்டு மாசி மாதம் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து காரவன் என்னும் கப்பலில் இரண்டு இளம் மிஷனரித் தம்பதியர் இந்தியாவுக்குப் புறப்பட்டனர்: அதோனிராம் ஜட்சனும் மனைவியும், சாமுவேல் நியூவெலும் மனைவியும். இருவரையும் அனுப்பியது ஒரே அமெரிக்க மிஷன்தான். கல்கத்தாவில் ஆங்கில மிஷனரி வில்லியம் கேரியின் கூட்டத்தார் பப்டிஸ்டுகள் என்பதால் குழந்தை ஞானஸ்நானம் பற்றி அவர்களோடு வாதிட ஆயத்தம் செய்யவேண்டுமென்று கப்பலிலேயே கிரேக்க வேதத்தைப் புரட்டிய ஜட்சன், வாதத்தில் தம்மிடமே தோற்று, அவ்வாண்டு செப்டெம்பரில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு பர்மாவுக்குப் போனார். நியூவெலோ மொரீஷியஸ் தீவில் மனைவியை அடக்கம் செய்துவிட்டு, தனியாக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் மிஷன் பணிக்கு உகந்தது என்று அவர் எழுதிய பின்னரே 1816இல் அமெரிக்க மிஷன் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தது. உடுவிலும் மானிப்பாயும் அந்த மரத்தின் கிளைகள்.

நீங்கள் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற மானிப்பாய்ச் சபை நியூவெல் காட்டிய வழியில் வந்தது. உங்கள் சபையிலுள்ள சின் மக்களின் பப்டிஸ்ட் விசுவாசம் ஜட்சன் தொடங்கிய பர்மா மிஷனின் வழியில் வந்தது. ஒரே கப்பலில் வந்து பிரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருநூறு ஆண்டுகள் கழித்து வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரே சமையலறையைப் பங்கிடுகிறார்கள். இதை உங்கள் இரு தரப்பாருக்கும் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இன்னொன்று. பப்டிஸ்ட் சபை என்று ஒன்று முதன்முதலில் 1609இல் உருவானது ஆம்ஸ்டர்டாமில். உருவாக்கியவர்கள் இங்கிலாந்திலிருந்து ஓடிப்போன அகதிகள். கூடியது ஒரு வெதுப்பகக் கட்டடத்தில். நோர்வேயில் முதற் சபையை 1860இல் அமைத்த ரிம்கர் என்பவரும் டென்மார்க் மாலுமி. ஆகவே அங்குள்ள 14 பேரும் தம்மை வீட்டுக்காரர் என்றும் மற்றவர்களை விருந்தாளிகள் என்றும் நினைப்பதற்குச் சரித்திரத்தில் அதிக இடமில்லை.

கொழும்பு வாசகன் எழுதியது:

சரித்திரம் சுவையாக இருக்கிறது, ஆனால் நாளைக்கு என்ன செய்வது? தனி ஆராதனையைக் கொடுத்துவிடுங்கள் என்பேன். இந்தியாவில் பிறந்து இந்தியாவிலேயே மிஷனரியாக உழைத்த டொனால்ட் மக்கவ்ரன், மனிதர் தம் மொழியையும் இனத்தையும் தாண்டாமலே கிறிஸ்தவராக விரும்புவர் என்று கண்டு சொன்னார். தமிழ் ஆராதனை இருந்தால் ஊரிலுள்ள சைவக் குடும்பங்களும் எட்டிப் பார்க்கும். நோர்வேஜிய மொழியில் நடக்கும் ஆராதனைக்கு அவர்கள் எக்காலத்திலும் வரமாட்டார்கள். பல்லினச் சபை படத்துக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

வடகடல் எழுதியது:

கொழும்பு அன்பருக்கு: நீங்கள் சொல்வதில் ஒரு பாதியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வீட்டில் நடக்கும் தமிழ் ஜெபக்கூட்டத்துக்கு வரும் சைவ அயலவர்கள் கோவிற் கட்டடத்துக்கு வருவதில்லை. ஆனால் மக்கவ்ரனின் கருத்தை இந்தியாவிலேயே பலர் எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இனத்தோடு இனம் சேர்வது இலகு என்று சபையை அமைத்தால் சாதியோடு சாதி சேர்வதும் இலகுதானே என்ற கேள்வி எழும். யாழ்ப்பாணத்தில் ஒரே ஊரில் ஏன் இரண்டு கோவில்கள் இருந்தன, திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் குடிக்க யார் தயங்கினார்கள் என்பதை நம் பாட்டன்மார் அறிவார்கள். அந்த நோயை நாம் நோர்வேக்கும் பெட்டியில் கட்டிக்கொண்டு போகக்கூடாது என்பதே என் பயம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. நோர்வேயில் 2021 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி 50 உறுப்பினர் இல்லாத சமயக் குழு தனித்து அரச மானியம் பெற முடியாது. நாங்கள் பப்டிஸ்ட் ஒன்றியத்தின் கீழ் எண்ணப்படுவதால் தப்பியிருக்கிறோம். ஒன்பது பேர் பிரிந்து போனால் அவர்களுக்கு ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுக்கக்கூட இயலாது. எங்களுக்கும் குளிர்காலச் சூடாக்கற் செலவு தாங்காது.

உறுப்புரிமைப் பிரச்சினையும் இருக்கிறது. ஆராதனைக்கு வரும் தமிழருள் ஆறு பேர் இன்னும் உறுப்பினர் அல்லர். கத்தோலிக்கராகவோ நம் திருச்சபையாராகவோ குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவர்கள். எங்கள் சபை விதிப்படி விசுவாச அறிக்கையோடு முழுகினால்தான் உறுப்புரிமை. அவர்களில் ஒருவருடைய தாயார் குருநகரிலிருந்து என்னுடன் தொலைபேசியில் பேசினார். "சுவாமியார் ஊற்றின தண்ணி என்ரை பிள்ளைக்குக் காணாதோ?" என்று கேட்டார். இறையியற் கல்லூரியில் நான் படித்த எந்தப் பதிலும் அந்தக் கேள்விக்கு முன் வாய் திறக்கவில்லை.

ஸ்காபரோ மகள் எழுதியது:

போதகர் ஐயாவின் பிள்ளைகளுடைய வயதில் நான் இருந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். கனடாவில் என் பெற்றோர் சேர்ந்திருந்த தமிழ்ச் சபை தொடக்கத்தில் ஓர் ஆங்கிலச் சபையின் கட்டடத்தில் பிற்பகலில் கூடியது. காலையில் அவர்கள், பிற்பகலில் நாங்கள். பதினாறு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவர்களில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் எங்களுக்கு விட்டுச்சென்ற அறிவித்தல்களை மட்டும் தெரியும்: கதிரைகளை அடுக்கவும், விளக்கை அணைக்கவும், கறி வாசனை போகும் வரை யன்னலைத் திறந்து வைக்கவும்.

ஆனால் அந்தப் பிற்பகல் ஆராதனை இல்லாமற் போயிருந்தால் என் அம்மம்மா அந்த நாட்டில் ஒரு வார்த்தையும் வாய்விட்டுச் சொல்லாமலே இறந்திருப்பார் என்பதும் உண்மை. கிழமை முழுவதும் வீட்டில் ஊமையாக இருந்தவர் ஞாயிறு பிற்பகலில் எழுந்து நின்று சாட்சி சொல்லுவார். கால்மணித்தியாலத்துக்கு நிறுத்தமாட்டார். நாங்கள் சிறுவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துச் சிரிப்போம்.

என்னுடைய தலைமுறையினரோ பதினெட்டு வயதில் ஒவ்வொருவராகக் கழன்றோம். தமிழ் ஆராதனை எங்களுக்கு விளங்கியது, ஆனால் அங்கே எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஆங்கிலச் சபைக்குப் போனவர்களுக்கு அங்கே எல்லாம் விளங்கியது. அங்கும் யாரும் எதையும் கேட்கவில்லை. மொழியைப் பற்றி நீங்கள் பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நேர்கேள்வி எழுதியது:

மன்னிக்கவேண்டும், ஒரு கசப்பான கேள்வி. நாற்பது பேருக்குப் போதகராக இருப்பதற்கு ஒருவர் நோர்வேக்குப் போகவேண்டுமா? வன்னியில் கோவிலுக்குப் போதகர் இல்லை. மிஷனரி என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போவது நம்மவர்க்கு விசாவின் இன்னொரு பெயராகிவிட்டது என்று இங்கே பலர் சொல்கிறார்கள்.

வடகடல் எழுதியது:

சொல்வது எனக்குத் தெரியும், விமான நிலையத்தில் என் சொந்தச் சிற்றப்பாவே சொன்னார். கோபமில்லை.

நான் வாரத்தில் நான்கு நாள் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். சபை தருவது அரைச் சம்பளத்துக்கும் குறைவு. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவுடன் கூடாரம் தைத்தார், கேரி வங்காளத்தில் அவுரி ஆலையை மேற்பார்த்தார் என்று எங்களைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் கேரியின் வரலாற்றில் மேடைகளில் சொல்லப்படாத பகுதியும் இருக்கிறது. 1794இல் அவருடைய ஐந்து வயது மகன் பீற்றர் இறந்தான், மனைவி டொரதி மனநிலை பாதிக்கப்பட்டு மீளவே இல்லை. முதல் விசுவாசியான கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கேரி ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். எங்களை முதலில் அனுப்பிய ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கைப் படிவம் அனுப்பும். அதில் "புதிய ஆத்துமாக்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டாம் ஆண்டில் நான்கு முறை பூச்சியம் எழுதினேன், அதன் பின்னர் பணம் நின்றது.

என் மனைவியின் முதற் குளிர்காலத்தைச் சொல்கிறேன். கார்த்திகைக் கடைசியில் மறைந்த சூரியன் தை மாத நடுவில்தான் மீண்டும் தலை காட்டும். அவள் பகல் பன்னிரண்டு மணிக்கு யன்னலருகே கதிரையை இழுத்துப்போட்டு, தெற்கே மலைக்குப் பின்னால் தெரியும் ஊதா வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, அம்மாவுடன் தொலைபேசியில் பேசுவாள். "இப்ப அங்கை என்ன வெயிலோ?" என்று அம்மா கேட்பார். "ஓம் அம்மா, நல்ல வெயில்" என்பாள். அந்தப் பொய்க்காக அவள் மன்னிப்புக் கேட்டதாக நான் அறியேன், கேட்கவும் தேவையில்லை. அந்த மாதங்களில் கதவைத் தட்டியது எங்களை அனுப்பிய அமைப்பல்ல. எழுபத்தெட்டு வயது நோர்வேஜிய விதவை ஒருவர், கையில் ஒரு சோடிக் கம்பளிக் காலுறையோடு வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் எங்கள் அடுப்படியில் இருந்துவிட்டுப் போனார். அவருக்கு ஆங்கிலம் வராது, எங்களுக்கு அப்போது அவர் மொழி வராது.

சமையலறைக் கதவில் அந்தத் தாளை ஒட்டியவரும் அவர்தான். இதனால்தான் எனக்கு இந்த விடயத்தில் தீர்ப்புச் சொல்வது இவ்வளவு கடினமாக இருக்கிறது.

உடுவில் பழைய ஆசிரியை எழுதியது:

இவ்வளவு நேரமும் பாட்டு எந்த மொழியில், பிரசங்கம் எந்த மொழியில் என்றே பேசுகிறோம். ஐயா, ஒன்று கேட்கிறேன். பப்டிஸ்ட் சபையில் ஆயர் மன்றமோ பேராயரோ மேலே இல்லை, உறுப்பினர் கூட்டமே முடிவெடுக்கும் என்று படித்திருக்கிறேன். அந்தக் கூட்டம் உங்கள் சபையில் எந்த மொழியில் நடக்கிறது? அதன் குறிப்பு எந்த மொழியில் வாசிக்கப்படுகிறது? சாவி யார் யாரிடம் இருக்கிறது?

1855இல் பொஸ்ரனிலிருந்து அமெரிக்க மிஷனின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் இங்கே வந்து, சுதேசச் சபைகள் தாமே தம்மை நடத்தவும் தாங்கவும் பரப்பவும் வேண்டும் என்ற நல்ல கொள்கையைச் சொன்னார். அதே கையால், பிள்ளைகள் தமிழிற் படித்தாற் போதும் என்று ஆங்கிலத்தில் உயர்கல்வி புகட்டிய வட்டுக்கோட்டை செமினரி மூடப்படவும் வழிசெய்தார். ஊரவர் மனம் நொந்தனர். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கும் வரை அந்த மனத்தாங்கல் தீரவில்லை. அவர் சொன்னதில் தவறில்லை என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. எந்த மொழி உங்களுக்கு நல்லது என்பதை எங்கள் முன்னோருக்காக இன்னொருவர் தீர்மானித்தார் என்பதே என் மனத்தாங்கல். நீங்களும் தமிழருக்காகத் தீர்மானிக்க வேண்டாம், நோர்வேஜியருக்காகவும் தீர்மானிக்க வேண்டாம்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திரும்பப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் அவர்களுக்குத் தனிப் பந்தி போடவில்லை. பந்தியை நடத்த எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்.

கொழும்பு வாசகன் எழுதியது:

ஆசிரியை அம்மா என்னை மடக்கிவிட்டார். தனி ஆராதனை வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை, ஆனால் சாவியைப் பற்றிய கேள்விக்குப் பதில் அறிய ஆவலாக இருக்கிறேன்.

வடகடல் எழுதியது:

பதில் எழுதப் பன்னிரண்டு நாள் எடுத்ததற்கு மன்னிக்கவும். கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு எங்கள் சபைச் செயலாளரோடு தொலைபேசியில் பேசினேன். கூட்டம் நோர்வேஜிய மொழியில் மட்டுமே நடக்கிறது, குறிப்பும் அவ்வாறே. சமையலறைச் சாவி ஐந்து பேரிடம் இருக்கிறது, ஐவரும் நோர்வேஜியர். என்னிடம்கூடப் பிரதான கதவின் சாவிதான் உண்டு, சமையலறைச் சாவி இல்லை. ஒன்பது ஆண்டுகளாக நான் அதைக் கவனிக்கவே இல்லை.

கடந்த சனிக்கிழமை உறுப்பினர் கூட்டம். அங்கே மாலை ஐந்து மணி, இங்கே இரவு எட்டரை. நான் விறாந்தையில் கணினியை வைத்துக்கொண்டு சூம் வழியாகச் சேர்ந்தேன். சோளகக் காற்று முற்றத்து மாமரத்தை உலுக்கியபடி இருந்ததால் என் ஒலிவாங்கியை மூடிவைக்கச் சொன்னார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று, நான் பேச முடியவில்லை. முதன்முறையாக ஒவ்வொரு விடயமும் தமிழிலும், சின் மக்களின் ஹாக்கா மொழியிலும், கொங்கோ மக்களுக்காகப் பிரெஞ்சிலும் திருப்பிச் சொல்லப்பட்டது. ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. நடுவில் இரண்டு முதியவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள், கோபத்தோடா களைப்போடா என்று தெரியவில்லை.

சமையலறைக் காற்றோட்டக் குழாயைத் திருத்துவது என்றும், கொங்கோ நாட்டவர் ஒருவரும் சின் பெண்ணொருவரும் தமிழர் ஒருவரும் புதிதாக உதவிக்காரராவது என்றும், சமையலறைச் சாவி அந்த மூவருக்கும் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. காலுறை கொண்டுவந்த அம்மா எதிர்த்து வாக்களித்தார். பின்னர் தன் சாவியைக் கழற்றி, நகல் எடுங்கள் என்று மேசையில் வைத்தார். தமிழ் ஆராதனை பற்றிய கடிதத்தை வாசித்தபோது, அதைக் கேட்டவர்களே மாதத்தில் ஒரு ஞாயிறு போதும், அதற்கு மற்றவர்களும் வந்து இருக்கட்டும், கீர்த்தனையை நோர்வேஜிய எழுத்தில் திரையில் போடலாம் என்று சொன்னார்கள். இரு தாய்மாரும் அதை ஒத்துக்கொண்டார்களா என்பதை நான் திரும்பிப் போய்த்தான் அறியவேண்டும். உறுப்புரிமை விதி பற்றிப் பேசவே நேரமில்லை, அது புரட்டாதிக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. குருநகர் அம்மாவுக்கு என்னிடம் இன்னும் பதிலில்லை.

இங்கே நள்ளிரவு தாண்டிய வேளையில் செயலாளர், வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாக எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாத ஒரு சின் பெண்மணி கையை உயர்த்தினார். மாசி மாத மின்சாரக் கட்டணம் ஏன் தை மாதத்தைவிட இருமடங்கு என்று கேட்டார். பொருளாளர் தாள்களைப் புரட்டத் தொடங்கினார்.